ஜிபிஎஸ் பேசுகிறது, கணினிக்குக் கேட்கவில்லை: சீரியல் போர்ட் ட்ரைவரைத் திருத்தும் முறை

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாள் படகு ஒன்றின் சுக்கான் அறை. சுவரில் பழைய ஜிபிஎஸ் கருவி. 1983இல் வெளியான என்எம்இஏ 0183 என்ற ஒழுங்கில், வினாடிக்கு 4800 பிட் வேகத்தில், அது தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கீழே பலகையில் லினக்ஸ் ஓடும் மடிக்கணினி, அதில் ஓப்பன்சிபிஎன் என்ற கடல் வரைபட மென்பொருள். இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர். கருவியின் திரையில் எண்கள் மாறுகின்றன. கணினியின் வரைபடத்தில் படகு அசையவே இல்லை.

இந்த இடத்தில் பலரும் “ட்ரைவர் பழுது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான முடிவு. வயரும் அனுமதியும் வேகமும் குற்றவாளியாக இருக்க, கெர்னல் பழியைச் சுமக்கிறது. ஆனால் ட்ரைவரே பிழையாக இருக்கும் நாட்களும் உண்டு. அப்போது அதைத் திருத்துவது வெளிநாட்டுப் பொறியாளருக்கு மட்டுமே உரிய வேலை அல்ல. மூலக்குறியீடு எவருக்கும் திறந்திருக்கிறது, சி மொழியில் ஓரளவு பழக்கமுள்ள ஒருவர் வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்வது, வந்த பின் என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன. தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும் (‘டிடிஒய்யுஎஸ்பி0’ என்ற பெயரில் ‘யுஎஸ்பி’ மட்டும் பேரெழுத்து).

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லினக்ஸ் நிறுவிய இரண்டு கணினிகள் இருந்தால் நல்லது: ஒன்று படகுக்கு, மற்றது சோதனைக்கு. சோதனைக் கணினியில் குறைந்தது 30 ஜிபி வெற்றிடம் வேண்டும். மல்டிமீட்டர், சிறு திருகாணி, ஒன்பது ஊசி இணைப்புக்கான பெண் முனை ஒன்று, ஒரு துண்டு வயர். முடிந்தால் வேறு சில்லில் இயங்கும் இன்னொரு கன்வெர்ட்டர். இந்தக் கடைசிப் பொருளின் அருமை போகப் போகத் தெரியும்.

முதலில் பாதுகாப்பு

1. சோதனை எதையும் கடலில் செய்யக்கூடாது. படகு கட்டியிருக்கும்போது மட்டும். மாலுமி நம்பியிருக்கும் ஒரே ஜிபிஎஸ் அது என்றால், அதன் வயரைக் கழற்றும் முன் கைக்கருவி ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

2. பலநாள் படகுகளில் பொருத்தப்பட்டுள்ள விஎம்எஸ் என்ற செய்மதிக் கண்காணிப்புக் கருவியின் வயரைத் தொடவே கூடாது. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2016 ஜூனில் நீங்கியது. படகுகளைச் செய்மதி வழியாகக் கண்காணிக்கும் ஏற்பாடு அந்தத் தடையை நீக்கக் காட்டிய நடவடிக்கைகளில் ஒன்று. அந்தக் கருவி மௌனமானால் கேள்வி படகுக்காரரிடம்தான் வரும்.

3. படகின் பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று மல்டிமீட்டரால் பார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும். முதல் முறை இணைக்கும்போது மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அதன் சொந்த பேட்டரியில் ஓட்டுவது நல்லது. இன்வெர்ட்டர் வழியாக வரும் மின்சாரத்துக்கும் படகின் எர்த்துக்கும் இடையிலான வேறுபாடு சீரியல் வயர் வழியே பாய்ந்தால், முதலில் போவது கன்வெர்ட்டர், அடுத்தது கணினியின் யுஎஸ்பி வாசல். நிரந்தரமாகப் பொருத்துவதற்கு மின் தனிமைப்படுத்தல் உள்ள கன்வெர்ட்டரே வேண்டும்.

4. ஆர்எஸ்-232 வயரில் 15 வோல்ட் வரை, நேர்மறையும் எதிர்மறையுமாக வரலாம். 3.3 வோல்ட் டிடிஎல் ஊசிகள் கொண்ட மலிவான பலகையை அதில் நேரடியாகச் சொருகினால் சில் எரிந்துபோகும். இரண்டும் ‘சீரியல்’ என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன, எனவே வாங்கும்போதே கேட்டுத் தெளிய வேண்டும்.

5. திருகோணமலை கடற்படைத் தளம் உள்ள துறைமுகம். கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் சமிக்ஞையின் ஏற்பிக்காக அன்ரனாவைத் தூக்கிக்கொண்டு கரையில் நடக்கும் முன் உரியவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்வது அவசியம்.

பழுது எந்த அடுக்கில்?

கருவியிலிருந்து வரைபடம் வரை தரவு கடக்கும் படிகள் இவை: வயர், கன்வெர்ட்டர் சில், அந்தச் சில்லுக்குரிய ட்ரைவர், எல்லாச் சீரியல் ட்ரைவர்களுக்கும் பொதுவான டிடிஒய் அடுக்கு, கடைசியாக மென்பொருள். கீழிருந்து மேலே வர வேண்டும். நடுவில் குதித்தால் நாள்கள் வீணாகும்.

படி 1: கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, டெர்மினலில் ‘டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ’ ஓட்டி, மீண்டும் சொருகுங்கள். கெர்னல் வரிவரியாகப் பேசும். சில்லின் பெயரும் ‘டிடிஒய்யுஎஸ்பி0’ என்ற வாசலின் பெயரும் வர வேண்டும். எதுவுமே வராவிட்டால் யுஎஸ்பி கேபிளையோ வாசலையோ மாற்றிப் பாருங்கள்.

படி 2: ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளையில் தெரியும் இரண்டு அடையாள எண்களைக் குறித்து வையுங்கள். 1ஏ86, 7523 என்றால் சிஎச்340. 067பி, 2303 என்றால் பிஎல்2303. 0403, 6001 என்றால் எஃப்டிடிஐ. 10சி4, இஏ60 என்றால் சிபி210எக்ஸ். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு இந்த நான்கு குடும்பங்களுக்குள் அடங்கும்.

படி 3: வாசல் தோன்றிய உடனே மறைகிறதா? சிஎச்340 என்றால் ட்ரைவரைச் சந்தேகிக்க வேண்டாம். உபுண்டு 22.04இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைக் கவனிக்கும் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற சேவை, இதே அடையாள எண்ணைப் பார்த்துப் பிரெய்ல் கருவி என்று எண்ணி வாசலைப் பறித்துக்கொள்கிறது. கெர்னல் செய்தியில் அதன் பெயர் தெளிவாகவே இருக்கும். பிரெய்ல் கருவி பயன்படுத்தாத கணினியானால் அந்தச் சேவையை நீக்கிவிடலாம். பயன்படுத்துபவர் இருந்தால் அதன் யூதேவ் விதியில் இந்த எண்ணுக்குரிய வரியை மட்டும் முடக்க வேண்டும்.

படி 4: ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால், பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். குழுவில் சேர்த்துவிட்டு உள்நுழைவைப் புதுப்பிக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது.

படி 5: சுற்றுச் சோதனை. கருவியின் வயரைக் கழற்றிவிட்டு, ஒன்பது ஊசி இணைப்பின் 2ஆம், 3ஆம் ஊசிகளைத் துண்டு வயரால் இணையுங்கள். மினிகாம் போன்ற மென்பொருளில், உள்ளெதிரொலியை அணைத்துவிட்டு, எழுத்துகளைத் தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் சில்லும் ட்ரைவரும் அடிப்படையில் இயங்குகின்றன. வயரை எடுத்ததும் எதிரொலி நிற்க வேண்டும். இந்தச் சோதனை வேகத்தைச் சோதிக்காது என்பதை நினைவில் வையுங்கள். சில் தவறான வேகத்தில் பேசினாலும் தன் குரலைத் தானே சரியாகப் புரிந்துகொள்ளும்.

படி 6: இப்போது கருவி. என்எம்இஏ 0183இன் அனுப்பும் பக்கத்தில் ஏ, பி என்று இரண்டு வயர் இருக்கும். ஏ வயரை 2ஆம் ஊசிக்கும், கருவியின் சமிக்ஞை எர்த்தை 5ஆம் ஊசிக்கும் கொடுங்கள். பி வயரை எர்த்தில் கட்டாமல், முனையை மூடிவிடுங்கள். ஆர்எஸ்-422 கன்வெர்ட்டர் இருந்தால் ஏ, பி இரண்டையும் முறைப்படி இணைக்கலாம், அதுவே சிறந்தது.

படி 7: ‘எஸ்டிடிஒய்’ கட்டளையால் வேகத்தை 4800ஆகவும் நிலையை ‘ரா’ ஆகவும் வைத்து, ‘சிஏடி’ கட்டளையால் வாசலைப் படியுங்கள். டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரக் குறியும் இரண்டு எழுத்தும் கொண்டு முடியும் வரிகள் ஓட வேண்டும். ஏஐஎஸ் ஏற்பி என்றால் வேகம் 38400, வரிகள் ஆச்சரியக்குறியில் தொடங்கும்.

குறிப்பு: உட்துறைமுகத்தில் ஏஐஎஸ் சோதிப்பவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். ஓடும் வணிகக் கப்பல் சில வினாடிகளுக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை அறிவிக்கும். நங்கூரமிட்டு நிற்பது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் அறிவிக்கும். சீனக்குடாப் பக்கம் மாவும் சீமெந்தும் சார்ந்து வரும் கப்பல்கள் கட்டி நிற்கும் நேரத்தில், முப்பது வினாடி பார்த்துவிட்டு ‘ஏற்பி செத்துவிட்டது’ என்று சொல்வது தவறு. குறைந்தது பத்து நிமிடம் ஓட விட வேண்டும். விஎச்எஃப் அலை நேர்கோட்டில் செல்வது. துறைமுகத்தைச் சூழ்ந்த மேட்டு நிலம் சில திசைகளை மறைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குறிப்பு: கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும் சேர்ந்து அடித்த பிறகு எந்த இணைப்பியையும் நம்ப வேண்டாம். செம்பு ஊசிகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். சுத்தம் செய்து, காயவைத்து, பிறகு 5ஆம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

கெர்னல் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம்

வரிகள் வருகின்றன, ஆனால் உடைந்து வருகின்றன என்றால் விஷயம் சுவாரசியமாகிறது. மேசைக் கணினியின் பின்புறத்திலுள்ள பழைய வகைச் சீரியல் வாசலுக்கு, ‘புராக்’ கோப்பமைப்பில் ‘டிடிஒய்’, அதற்குள் ‘ட்ரைவர்’, அதற்குள் ‘சீரியல்’ என்ற கோப்பை ரூட் பயனராகத் திறந்தால் ஒரு சிறு கணக்கு தெரியும். எத்தனை பைட் வந்தது, போனது என்பதோடு ‘எஃப்இ’, ‘ஓஇ’ என்று இரண்டு எண்கள் வரக்கூடும். நோய் எது என்று இவை சொல்லிவிடும்.

‘எஃப்இ’ ஏறினால் பைட்டின் முடிவுப் பிட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வேகம் பொருந்தவில்லை, அல்லது வயரில் இரைச்சல். ‘ஓஇ’ ஏறினால் பைட் சரியாகத்தான் வந்தது. கணினி வந்து எடுப்பதற்குள் அடுத்தது வந்து அதை அழித்துவிட்டது. இது வயரின் குற்றமல்ல. ட்ரைவர் பக்கம் திரும்ப வேண்டிய முதல் நியாயமான காரணம் இதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 38400 வேகத்தில் தொடக்க, முடிவுப் பிட்களையும் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட், அதாவது வினாடிக்கு 3840 பைட். இடைநினைவகம் இல்லாத பழைய 8250 சில் என்றால், ஒவ்வொரு பைட்டையும் 0.26 மில்லிவினாடிக்குள் எடுத்தாக வேண்டும். 16550ஏ சில்லில் 16 பைட் வரிசை இருப்பதால் 4 மில்லிவினாடிக்கு மேல் அவகாசம் கிடைக்கும். முதலில் வந்த 16550இல் இந்த வரிசையே பழுதாக இருந்தது. ‘ஏ’ என்ற எழுத்து சேர்ந்த பதிப்பில்தான் அது சரியானது. அதனால் லினக்ஸ் ட்ரைவர் சில்லை அடையாளம் காணும்போது அந்த ஓர் எழுத்துக்காகத் தனியே சோதனை செய்கிறது. உங்கள் வாசல் ‘16550ஏ’ என்று பதிவாகாமல் ‘8250’ அல்லது ‘16450’ என்று பதிவாகியிருந்தால், தொலையும் பைட்டுகளுக்கான விடை அங்கேயே கிடைத்துவிடக்கூடும்.

யுஎஸ்பி கன்வெர்ட்டர்களுக்கு இந்தக் கோப்பில் எண்கள் வராது. அங்கே வரியின் இறுதியிலுள்ள சரிபார்ப்பு எண்ணை நம்பலாம்: டாலர் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் இடைப்பட்ட எழுத்துகளை ஒன்றோடொன்று ‘எக்ஸ்ஓஆர்’ செய்தால் வரும் எண் அது. பத்து வரி பைத்தான் நிரல் எழுதி, ஒரு மணி நேரத்தில் எத்தனை வரி தவறுகிறது என்று எண்ணுங்கள். திருத்தத்துக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண். இந்த இரண்டு எண்கள் இல்லாமல் எந்தத் திருத்தமும் திருத்தம் ஆகாது.

இப்போது அந்த இன்னொரு கன்வெர்ட்டரை எடுங்கள். அதே வயர், அதே கருவி, அதே கணினி. இதில் சரியாக ஓடி அதில் ஓடாவிட்டால், குற்றம் அந்தச் சில்லிலோ அதன் ட்ரைவரிலோதான். பிறகு அதே கன்வெர்ட்டரை வேறு கெர்னல் பதிப்பில் சொருகுங்கள். அங்கே ஓடினால் சில் தப்பித்தது. ட்ரைவர் பிடிபட்டது.

மிகச் சிறிய திருத்தம்: ஓர் எண் சேர்ப்பது

பல ட்ரைவர் ‘பழுதுகள்’ உண்மையில் பழுதல்ல. உள்ளே இருப்பது தெரிந்த சில். வெளியே பெட்டியைச் செய்த நிறுவனம் தன் சொந்த அடையாள எண்ணைப் போட்டிருக்கும். அந்த எண் ட்ரைவரின் பட்டியலில் இல்லாததால் கெர்னல் ஒதுங்கி நிற்கும்.

1. ‘மாட்புரோப்’ கட்டளையால் உரிய ட்ரைவரை ஏற்றுங்கள்.
2. ‘சிஸ்’ கோப்பமைப்பில் ‘பஸ்’, ‘யுஎஸ்பி-சீரியல்’, ‘ட்ரைவர்ஸ்’, பிறகு ட்ரைவரின் பெயர் என்று போனால் ‘நியூ_ஐடி’ என்ற கோப்பு இருக்கும். அதில் இரண்டு அடையாள எண்களையும் எழுதுங்கள்.
3. வாசல் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் 5ஆம், 7ஆம் படிச் சோதனைகளைச் செய்யுங்கள்.
4. எல்லாம் சரியென்றால், ட்ரைவரின் மூலக்குறியீட்டில் உள்ள அடையாளப் பட்டியலில் அந்த எண்ணை ஒரு வரியாகச் சேர்ப்பதே நிரந்தரத் திருத்தம்.

இப்படி ஓர் எண் சேர்த்த திருத்தங்களில் மறக்கக் கூடாதது 2014இல் நடந்தது. எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் ட்ரைவர், போலிச் சில்களைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைப் பூச்சியமாக மாற்றியது. அடுத்த முறை சொருகும்போது எந்தக் கணினியும் அதை அடையாளம் காணவில்லை. தாம் வாங்கியது போலி என்று தெரியாமலே பலர் கருவியை இழந்தார்கள். லினக்ஸ் கெர்னலில் அதே ஆண்டு ஒரு சிறு திருத்தம் சேர்ந்தது: பூச்சியம் என்ற எண்ணையும் பட்டியலில் ஏற்றுக்கொள்வது. செத்ததாக ஒதுக்கிய கன்வெர்ட்டர்கள் லினக்ஸில் மீண்டும் பேசின. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய எஃப்டிடிஐ வயரை எறியும் முன் அதன் எண்ணை ஒருமுறை பாருங்கள்.

நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் கன்வெர்ட்டர் மௌனமானால், வேலை ஒரு வகையில் எளிது. ஓடிய பதிப்பு ஒன்று, ஓடாத பதிப்பு ஒன்று. இடையில் எங்கோ ஒரு மாற்றம்.

பிஎல்2303 இதற்கு நல்ல பாடம். இந்தச் சில் பல தலைமுறைகளாக வந்திருக்கிறது. அவற்றில் பல ஒரே அடையாள எண்ணைச் சொல்லும், ஆனால் உள்ளே பேசும் முறை வேறு. எந்தத் தலைமுறை என்று கண்டறியும் பகுதி 2021இல் இறுக்கமாக்கப்பட்டது. புதிய தலைமுறைச் சில்லின் பதிப்பு எண் 100 என்று தயாரிப்பாளரின் தரவுத்தாள் சொன்னது, ட்ரைவரும் அதை நம்பியது. சந்தையில் இருந்த சில சில்கள் 105 என்றும் 305 என்றும் தங்களை அறிவித்தன. ட்ரைவர் அவற்றை ‘அறியாத வகை’ என்று சொல்லி, தகவல் தெரிவிக்கும்படி கேட்டு ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கியது. பயனர்கள் தெரிவித்தார்கள். எண்கள் சேர்க்கப்பட்டன, 5.13 கெர்னலுக்கும் அந்தத் திருத்தம் பின்நோக்கிச் சென்றது. தரவுத்தாளை விடக் கையில் இருக்கும் சில்லே அதிகாரபூர்வமானது என்பதை ட்ரைவர் எழுதுபவர் எப்போதும் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

இப்படியான மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழி:

1. கெர்னல் மூலக்குறியீட்டைக் கிட் வழியாக இறக்குங்கள்.
2. ‘கிட் பைசெக்ட்’ தொடங்கி, நல்ல பதிப்பையும் கெட்ட பதிப்பையும் சொல்லுங்கள். ‘ட்ரைவர்ஸ்’, ‘யுஎஸ்பி’, ‘சீரியல்’ கோப்புறையை மட்டும் தேடும்படி எல்லை வகுக்கலாம். ஒரு வெளியீட்டில் பல்லாயிரம் மாற்றங்கள் இருக்கும். முழுவதையும் இரண்டிரண்டாகப் பிளந்தால் பதினான்கு கட்டுமானம் ஆகும். எல்லை வகுத்தால் நான்கைந்தில் முடியலாம்.
3. ஒவ்வொரு கட்டுமானத்தையும் ஓட்டி, அதே சோதனையைச் செய்து, நல்லது அல்லது கெட்டது என்று சொல்லுங்கள்.
4. இறுதியில் கிடைக்கும் மாற்றத்தின் விளக்கத்தை முழுதாகப் படியுங்கள். திருத்தம் எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

கெர்னலைக் கட்டுவது

இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலின் அமைப்புக் கோப்பை ‘பூட்’ கோப்புறையிலிருந்து நகலெடுத்து, அதிலிருந்து தொடங்குங்கள். பழைய மடிக்கணினியில் முழுக் கட்டுமானம் மணிக்கணக்கில் இழுக்கும் என்பதால் ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற சுருக்கு வழி உண்டு. அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது விட்டுவிடும். கன்வெர்ட்டரைச் சொருகாமல் இதை ஓட்டினால், திருத்த வந்த ட்ரைவரையே அது வெட்டி எறிந்துவிடும். முதலில் எல்லாக் கருவிகளையும் சொருகுங்கள், பிறகு ஓட்டுங்கள்.

மாட்யூலை மட்டும் தனியே கட்டி, ஓடும் கெர்னலில் ஏற்றவும் முடியும். பதிப்பு ஒரு புள்ளி மாறினாலும் கெர்னல் மறுத்துவிடும். கட்டாயப்படுத்தி ஏற்றுவது கணினியை உறைய வைக்கும் நேர்வழி. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமிடாத மாட்யூல் ஏறாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பழைய கெர்னலை ஒருபோதும் நீக்க வேண்டாம். க்ரப் பட்டியலில் அது முதலில் இருக்கட்டும், சோதனைக் கெர்னல் இரண்டாவதாக.

குறியீட்டில் எங்கே தேடுவது

அறிகுறியே இடத்தைக் காட்டும். வேகமோ பரிட்டியோ தவறு என்றால் ‘செட்_டெர்மியோஸ்’. சிஎச்340 சில்லுக்குரிய சிஎச்341 ட்ரைவரில் பரிட்டி, பைட் நீளம், நிறுத்தப் பிட் ஆகியவற்றுக்கான ஆதரவு 2016இல்தான் சேர்ந்தது. அதுவரை பரிட்டி கேட்கும் தொழிற்சாலைக் கருவிகள் அதில் சரியாகப் பேசவில்லை, ஜிபிஎஸ் மட்டும் பிசகில்லாமல் ஓடியது, ஏனெனில் என்எம்இஏ பரிட்டியே கேட்பதில்லை. பைட்டுகள் தொலைகின்றன என்றால் ‘ப்ராசஸ்_ரீட்_யுஆர்பி’. திறந்தவுடன் கருவி தானாக மீள்தொடங்கினால் ‘டிடிஆர்_ஆர்டிஎஸ்’. பிடுங்கும்போது கணினி உறைந்தால் ‘டிஸ்கனெக்ட்’, ‘போர்ட்_ரிமூவ்’.

‘டைனமிக் டிபக்’ வசதியால் ட்ரைவரின் உள்ளுரையாடலை ஓடும்போதே திறந்து பார்க்கலாம். யுஎஸ்பி வயரில் உண்மையில் என்ன போகிறது என்று ‘யுஎஸ்பிமான்’ காட்டும். விண்டோஸில் சரியாக ஓடுகிறது என்றால், அங்கே போகும் கட்டளைகளையும் லினக்ஸில் போகும் கட்டளைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதைப் போல் பலன் தரும் வழி வேறில்லை.

அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று. தரவு வந்து சேர்ந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு குறுக்கீட்டுச் சூழலில் ஓடுகிறது என்பதை மறப்பது முதலாவது. அங்கே காத்திருக்கவோ, உறங்கக்கூடிய முறையில் நினைவகம் கேட்கவோ கூடாது. பூட்டு ஒன்றைப் பிடித்துவிட்டு, பிழை வந்து திரும்பும் வழியில் அதை விடுவிக்க மறப்பது இரண்டாவது. இவ்விரண்டையும் கண்டுபிடிக்க, சோதனைக் கெர்னலில் பூட்டுச் சரிபார்ப்பையும், உறங்கக் கூடாத இடத்தில் உறங்குவதைப் பிடிக்கும் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். மெதுவாக ஓடும், ஆனால் தவறு நடந்த வரியையே காட்டும்.

மூன்றாவது கொஞ்சம் ஆழமானது: ட்ரைவரை ‘சுத்தமாக்கி’, மேலே ஓடும் மென்பொருளை உடைப்பது. டிடிஒய் அடுக்கைப் பராமரித்த ஆலன் காக்ஸ் 2009 ஜூலையில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியது இத்தகைய ஒரு தகராறில்தான். ஒரு மாற்றத்தின் பின் ஈமேக்ஸ் போன்ற மென்பொருள்கள் தடுமாறின. மென்பொருள் தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒரு பக்கம். ஓடிக்கொண்டிருந்ததைக் கெர்னல் உடைக்கக்கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பக்கம். அந்த விதி இன்றும் அப்படியே நிற்கிறது. கொட்பேயில் நிற்கும் படகின் பக்கமிருந்து பார்த்தாலும் அதுவே நியாயம்: மாலுமிக்கு வேண்டியது வரைபடத்தில் சரியான புள்ளி.

திருத்திய பின் சோதனை

ஒரு முறை ஓடியதும் கொண்டாட வேண்டாம். இரவு முழுக்கத் தரவு ஓட விட்டு, காலையில் சரிபார்ப்புத் தவறுகளை எண்ணுங்கள். வாசல் திறந்திருக்கும்போதே கன்வெர்ட்டரைப் பல முறை பிடுங்கிச் சொருகுங்கள், அலையில் படகு ஆடும்போது நடப்பது இதுதான். கணினியை உறங்க வைத்து எழுப்புங்கள். 4800இலிருந்து 38400க்கும் மீண்டும் கீழேயும் மாற்றுங்கள். அதே ட்ரைவரின் வேறு தலைமுறைச் சில் கிடைத்தால் அதையும் சோதியுங்கள்: ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுப்பது சீரியல் ட்ரைவர்களில் மிகவும் எளிது.

திருத்தத்தை அனுப்புவது

தன் கணினியில் மட்டும் வைத்துக்கொண்டால், அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அதே வேலையைத் திரும்பச் செய்ய நேரும். மேலே, கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பிவிட்டால் மூதூரிலும் கிண்ணியாவிலும் அதே கன்வெர்ட்டரை வாங்கியவர் எதுவும் செய்யாமலே பயன் பெறுவார்.

1. ஒரு திருத்தத்தில் ஒரே ஒரு விஷயம். வழியில் கண்ட எழுத்துப்பிழைகளையும் இடைவெளிகளையும் சேர்த்துத் திருத்த வேண்டாம்.
2. விளக்கத்தில் வரிசை முக்கியம்: என்ன தவறு நடக்கிறது, ஏன் நடக்கிறது, இது எப்படிச் சரிசெய்கிறது. முன்பும் பின்பும் எடுத்த எண்களைச் சேருங்கள்.
3. பைசெக்ட் காட்டிய மாற்றம் இருந்தால் ‘ஃபிக்சஸ்’ வரியில் குறிப்பிடுங்கள். பழைய பதிப்புகளுக்கும் அது போக அந்த வரி உதவும்.
4. ‘சைன்டு-ஆஃப்-பை’ வரியில் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். குறியீட்டை அளிக்கும் உரிமை தனக்கு உண்டு என்ற உறுதிமொழி அது. 2004இலிருந்து நடைமுறையில் இருக்கிறது.
5. ‘செக்பேட்ச்’ நிரலை ஓட்டிப் பாருங்கள். ‘கெட்_மெயின்டெயினர்’ நிரல் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். வெற்று உரையாக, ‘கிட் சென்ட்-இமெயில்’ வழியாக அனுப்புங்கள். அலங்கார மின்னஞ்சல் பெட்டிகள் வரி இடைவெளிகளைச் சிதைத்துவிடும்.

பதிலில் குறை சொல்லப்படுவது வழக்கம். யுஎஸ்பி சீரியல் பகுதியைப் பல ஆண்டுகளாகப் பராமரிக்கும் யோஹான் ஹோவோல்ட் வரி வரியாகப் படிப்பவர். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, இரண்டாம் பதிப்பை அனுப்புவதே நடைமுறை.

படகுக்குக் கொண்டுபோகும்போது

படகுக் கணினியில் பழைய, புதிய கெர்னல்கள் இரண்டையும் வைத்து, எதைத் தேர்ந்து தொடங்குவது என்று படகில் இருப்பவருக்குக் காட்டிக் கொடுங்கள். வாசலின் பெயர் சொருகும் வரிசைப்படி மாறும் என்பதால், யூதேவ் விதி ஒன்றால் ‘ஜிபிஎஸ்’ என்ற நிலையான பெயரைக் கொடுத்து, ஓப்பன்சிபிஎன்னில் அந்தப் பெயரையே பதியுங்கள். இணைப்பியின் மேல் சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். முதல் பயணத்தில் கைக்கருவி ஜிபிஎஸ் பக்கத்திலேயே இருக்கட்டும், கெர்னல் செய்திகள் பயணம் முழுவதும் ஒரு கோப்பில் பதியட்டும். படகு திரும்பி வந்து கட்டியதும் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து, வாசல் எத்தனை முறை துண்டிக்கப்பட்டது என்று எண்ணுங்கள்.